சீட்டில் ஒரே பெயர்

கார்லின் டன்லப்பிடம் சொன்ன சங்கதி கிணற்றில் போட்ட கல் மாதிரி. அலபாமாவில் அவளுடைய சின்ன ஊரில் பல் மருத்துவரின் வரவேற்பு மேசையில் இருபது வருடம் உட்கார்ந்தவள். யாருக்குக் கட்டுப்பல் என்று அவள் புருஷனுக்கே தெரியாது.

அவள் மகள் ஹாலிஸ், அம்மா படித்த பல்கலைக்கழகத்திலேயே சேர்ந்தாள். மாணவிகளைப் பொறுக்கியெடுத்துச் சேர்க்கும் சகோதரிச் சங்கங்கள் அங்கே பல, ஒவ்வொன்றுக்கும் தனி வீடு. அம்மா இருந்த சங்கத்து வீட்டிலேயே தானும் இருக்க வேண்டுமென்று பிறந்தது முதல் கனவு. பரிந்துரைக் கடிதங்கள், பத்து கவுன்கள், ஆகஸ்ட் வெயிலில் ஒரு வாரம் வீடு வீடாக ஏறிச் சிரிப்பு. கடைசியில் அவளை மறுபடி அழைத்தவை இரண்டே வீடுகள்: அம்மாவுடையது, வேறொரு சங்கத்தின் தெருமுனைச் செங்கல் வீடு. செங்கல் வீட்டுப் பெண்களுக்கு ஹாலிஸ் மேல் உயிர். சாயங்காலம் விருப்பச் சீட்டில் இரண்டையும் எழுதலாம். ஒன்றை மட்டும் எழுதி அது தவறினால் ஒன்றுமே இல்லை.

அன்று மத்தியானம் ஜினெட் கூப்பிட்டாள். கார்லினோடு அந்த வீட்டில் ஒரே அறையில் இருந்தவள், இப்போது அங்கே ஆலோசகர்.

"உன் பொண்ணு பேரு பட்டியல்ல கடைசியில இருக்கு. கிடைக்காது. திடீர்னு கேட்டு நீ உடைஞ்சு போயிடக் கூடாதேன்னு சொல்றேன். அவகிட்ட மூச்சு விட்டுடாத. சத்தியம் ஞாபகம் இருக்கில்ல?"

சீட்டு எழுதப் போகும்முன் ஹாலிஸ் போனில் பேசினாள். "அம்மா, நம்ம வீட்டை மட்டும் எழுதட்டுமா?"

ஜினெட் சொன்னதைச் சொல்லிவிடலாம் என்று கார்லின் வாயெடுத்தாள். பத்தொன்பது வயதில், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், வீட்டுப் பேச்சு வெளியே போகாது என்று சத்தியம் செய்தவள். அதை மீறிய ஒருத்தியை முகம் பாராமல் ஒதுக்கியவள். பாழாய்ப்போன சத்தியம்!

"உன் மனசு சொல்றதை எழுது கண்ணு," என்றாள்.

மறுநாள் காலையில், அந்த ஒரே பெயரை எழுதிய ஹாலிஸுக்குத் தகவல் வந்தது: எந்த வீட்டிலும் இடமில்லை. மற்ற பெண்கள் அழைப்பு உறையைப் பிரித்துக் கூவிக்கொண்டு மைதானத்தில் ஓடும்போது கார்லின் ஒரு மணி நேரம் காரோட்டிப் போய்ச் சேர்ந்தாள். மகள் வெள்ளை கவுனோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் கார்லினுக்குத் தாங்கவில்லை.

"எனக்கு நேத்தே தெரியும்டி. சத்தியம் பண்ணியிருந்தேன், அதான்..."

ஹாலிஸ் நிமிர்ந்து பார்த்தாள். "எனக்குன்னு நீ ஒரு சத்தியமும் பண்ணலையேம்மா."

கிறிஸ்துமஸுக்குப் பிறகு அவள் ஜார்ஜியாவில் வேறு கல்லூரிக்கு மாறிக்கொண்டாள். ஞாயிறு தவறாமல் போன் வரும். கார்லின் எடுத்தால், "அப்பா இருக்காரா?" என்று கேட்பாள்.