பல்சக்கரம் ஓடிய கை

சீருடை தைக்கும் கடையில் இருபத்தாறு வருடமாகத் துணி வெட்டுகிறார். கடையில் அவருக்குப் பெயர் 'அளவுக்காரர்'. கேலிக்கு வைத்த பெயர்; அவர் பட்டமாக எடுத்துக்கொண்டார். அளவு நாடாவுக்கு அடங்காத பொருள் உலகில் இல்லை என்பது அவர் எண்ணம். அடங்காதது அவர் வாய் ஒன்றுதான்.

முழங்கையில் சிவந்த திட்டு வந்தது. வெள்ளைச் செதில் உதிர்ந்து, மேசையில் விரித்த கறுப்புத் துணியில் பளிச்சென்று தெரிந்தது.

"அண்ணே, ஒரு மாசம் பாப்பேன்," என்றார் முதலாளி. "சரியாகலன்னா உள்ள போய் பட்டன் தைங்க. கத்தரிய வேற ஆளுகிட்ட குடுத்துடுவேன்."

சோரியாசிஸ் என்ற இந்தத் தோல் நோய் தொற்றாது என்று முதலாளிக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் அக்கறையும் இல்லை.

"ரத்தத்துல அழுக்கு. மச்சான் குடுத்த எண்ணெய் இழுத்துடும்," என்றார் அளவுக்காரர், வீட்டுக்குப் போய் மனைவியிடம்.

"எங்க அண்ணன் டயர் கடை வச்சிருக்கான். அது வண்டிக்குப் போடுற எண்ணெயா இருக்கும்," என்றாள் மனைவி.

திட்டு சுருங்குகிறதா என்று பார்க்க எல்லை குறிக்க வேண்டுமே! எண்ணெய்த் தோலில், துணிக்குக் கோடு போடும் சாக்கட்டி பிடிக்கவில்லை. துணியில் புள்ளி வைக்கும் பல்சக்கரத்தை எடுத்தார். திட்டைச் சுற்றி, இரண்டு விரல் தள்ளி, ரத்தம் துளிர்க்க அழுத்தி ஓட்டினார். இப்படி ஒரு முட்டாள்தனத்தை இவ்வளவு சீராகச் செய்ய இருபத்தாறு வருட அனுபவம் வேண்டும்.

இரண்டு வாரத்தில், புள்ளி விழுந்த இடமெல்லாம் வரிசையாகச் சிவந்து தடித்தது. அதற்குப் பிறகுதான் தோல் மருத்துவரிடம் போனார்.

"இத யாரு தைச்சது?" என்றார் டாக்டரம்மா.

அளவுக்காரர் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். மனைவிதான் எல்லாவற்றையும் சொன்னாள்.

"காயம் பட்டா உடம்பு சில புரதங்கள விட்டு ஆள் கூப்பிடும். 'இங்க அடிபட்டிருக்கு, தோல வளர்த்து விடுங்க'ன்னு சேதி. காயம் ஆறினா சேதி நிக்கணும். உங்களுக்கு நிக்கல. ஒரு மாசத்துல வளர வேண்டிய தோல் நாலஞ்சு நாள்ல வந்து குவியுது. கீறின இடத்துலயும் அதே கூப்பாடு. அழுக்கெல்லாம் இல்ல. இன்டர்லூக்கின்னு ஒரு வகைப் புரதம் இருக்கு. இந்த ஊசி அதுல ஒண்ணப் பிடிச்சு நிறுத்தும்."

"எத்தன ஊசியில போகும்?"

"அடங்கும். விட்டீங்கன்னா திரும்ப வரலாம். அந்தச் சக்கரத்தத் துணியோட நிறுத்துங்க."

முதலாளி சொன்ன மாசம் முடிந்தது. அளவுக்காரர் உள்ளே போய் மூன்று மாதம் பட்டன் தைத்தார். முழங்கை வழவழப்பான பிறகே கத்தரி கைக்குத் திரும்பியது.

வந்த முதல் நாளே வாடிக்கையாளர் ஒருவரிடம் ஆரம்பித்துவிட்டார்: "சுத்திப் புள்ளி வச்சு எல்லை கட்டினேன் சார். அதத் தாண்ட முடியல, அப்படியே அடங்கிப்போச்சு."

போன் அடித்தது. இரண்டு கையிலும் துணி. ஸ்பீக்கரைப் போட்டுவிட்டார்.

"இன்னைக்குப் போட வேண்டிய ஊசிய ஃபிரிட்ஜுலேர்ந்து எடுத்து வெளிய வச்சிருக்கேன்," என்றாள் மனைவி. "அங்க நின்னு எல்லை கட்டின கதைய அளந்துட்டு இருக்காம சீக்கிரம் வந்து சேருங்க."