அம்மா டிஷ் திருப்பிய நாள்

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, வானத்தில் பறக்கக்கூடிய ஒரு பெண்ணை நான் தினமும் சாயங்காலம் பார்த்துக்கொண்டிருந்தேன். வட்டகொடைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயத்தின் கடைசிக் காம்பராவில், கொழும்புக் கடையில் தங்கி வேலை பார்த்த அப்பா ஒரு தீபாவளிக்குத் தூக்கிக்கொண்டு வந்த டிவியில்தான் அவள் வருவாள். ஏதோ வெளிநாட்டுத் தொடர். தமிழில் பேச வைத்திருந்தார்கள். அவளுக்கு ஒரு பெயர் இருந்தது, ஆனால் அது எங்கள் வாயில் நிற்கவில்லை. அதனால் நானும் அக்காவும் அவளைப் பறக்குற அக்கா என்றே சொல்லுவோம்.

பகலில் அவள் எங்களைப் போலப் பை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போவாள், கணக்கில் குறைந்த புள்ளி வாங்குவாள். யாருக்காவது ஆபத்து என்றால் நீல முகமூடியைப் போட்டுக்கொண்டு ஓடுவாள். காலுக்குக் கீழே காற்று திரண்டு வரும், அப்படியே எழும்பிவிடுவாள். எனக்கு மூச்சு நின்றுவிடும். ஒவ்வொரு தடவையும், பார்த்த காட்சியையே திரும்பப் போட்டாலும், நின்றுவிடும். அதே நினைப்பில் நானும் எங்கள் ரோட்டு வளைவில், பள்ளத்திலிருந்து காற்று ஏறி வருகிற இடத்தில், கையை விரித்துக்கொண்டு நிற்பேன். காற்று எனக்கும் வந்தது. எழும்பத்தான் இல்லை.

அம்மா அந்தத் தொடரை ஒருநாளும் பார்த்ததில்லை. அது வருகிற நேரம்தான் மலையில் பறித்த கொழுந்தை நிறுக்கிற நேரம். ஆனாலும் முழுக் கதையும் அம்மாவுக்குத் தெரியும். வேலை விட்டு வந்து, வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து, காலில் ஏறியிருக்கும் அட்டைகளுக்கு உப்பு வைத்துக் கழற்றும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்று விடாமல் சொல்லிவிடுவேன். அம்மாவுக்குப் பறப்பது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. அவள் கேட்பதெல்லாம் வேறு. "அவ சாப்பிட்டாளா?" என்பாள். "இப்படி இருட்டுல பறந்துகிட்டு இருந்தா அவ அம்மா தேட மாட்டாங்களா?" என்பாள். இவளுக்குக் கதை சொல்லி என்ன புண்ணியம் என்று எனக்கு எரிச்சலாக வரும்.

சில நாட்களில் கதை தொடங்குமுன் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வரும். இந்தப் பாகத்தில் மனதைப் பாதிக்கக்கூடிய காட்சிகள் இருக்கின்றன, சிறுவர்கள் பெரியவர்களின் துணையுடன் பார்க்கவும் என்று. அதைப் பார்த்தால் எனக்கு ஒரே கொண்டாட்டம். அது வந்த நாளில்தான் கட்டடம் இடிந்து விழும், கெட்டவன் ரத்தம் கக்குவான். பள்ளிக்கூடத்துக் காலைக் கூட்டத்தில் வாசிக்கிற மாதிரி எழுந்து நின்று உரத்த குரலில் வாசிப்பேன். "சத்தம் போடாதடி" என்று அக்கா என் தொடையில் கிள்ளுவாள். எங்கள் காம்பராவில் பெரியவர்களின் துணை என்பது அவள்தான். அவளுக்கு அப்போது பதினைந்து வயது.

அன்றைக்கும் அந்த எழுத்து வந்தது. எழுந்து வாசித்தேன். அக்கா கிள்ளவில்லை. அந்த வாரம் முழுக்க வயிற்று வலி என்று அவள் பள்ளிக்கூடமும் போகவில்லை, சுவரில் சாய்ந்தபடியே இருந்தாள்.

கதை இதுதான். பறக்குற அக்கா உடுப்பு மாற்றும்போது யாரோ அவளுக்குத் தெரியாமல் படம் எடுத்துவிடுகிறார்கள். அது பள்ளிக்கூடத்திலுள்ள எல்லோருடைய போனுக்கும் போய்விடுகிறது. அவள் நெருப்பிலிருந்து தூக்கி வந்து காப்பாற்றிய பையன்களே அவளைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். உயிர்த் தோழி தலையைக் குனிந்துகொண்டு விலகிப் போகிறாள். பறக்குற அக்கா முகமூடியைக் கழற்றி வீசிவிட்டு, ஊர் நடுவில் இருக்கும் மணிக்கூண்டின் உச்சிக்கு ஏறி நிற்கிறாள். இவள்தான் பறப்பாளே, என்ன பயம் என்று நான் ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தேன். ஆனால் அன்றைக்கு அவள் காற்றைக் கூப்பிடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்தாள். திரை இருண்டது. தொடரும் என்று போட்டுவிட்டார்கள்.

"ஐயோ, காத்து வரலியே!" என்று நான் கத்தினேன். அக்கா எழுந்து டிவியை அணைத்தாள். "அவ செஞ்சது சரிதான்" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

அம்மா வேலை விட்டு வந்ததும் ஒப்பித்தேன்.

"ஏன் குதிச்சாளாம்?" என்று கேட்டாள் அம்மா, ஒரு அட்டையைக் கழற்றிக்கொண்டே.

"படத்தைப் பார்த்துட்டு எல்லாரும் சிரிச்சாங்கல்ல, அதான்."

"பாவம் புள்ள. அக்காவும் பார்த்தாளா? என்னா சொன்னா?"

"சரிதான்னு சொன்னா."

"என்னா சரி?"

"அவ குதிச்சது சரிதானாம்."

அம்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது. இன்னொரு அட்டை கணுக்காலில் இருந்தது. ரத்தம் வழிந்து தரையில் சொட்டியது. அம்மா அதைக் கவனிக்கவே இல்லை. கடைசியில் உப்பை எடுத்து நான்தான் கழற்றிவிட்டேன். அன்றைக்கு எங்கள் பாய்கள் இடம் மாறின. அம்மா தன் பாயை அக்காவுக்கும் கதவுக்கும் நடுவில் போட்டாள்.

விடிந்ததும், வேலைக்குப் பேர் பதிகிற பெரட்டுக்குப் போக எல்லோரும் கிளம்புகிற நேரத்தில், அம்மா அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். "என்னான்னு சொல்லு புள்ள. நான் இன்னைக்கு வேலைக்குப் போகல" என்றாள். அக்காவுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "நீ வீட்டுல நின்னு என்னா செய்யப் போற? போம்மா. என்னையச் சும்மா வுடு" என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். அம்மா அந்தப் போர்வையை அவள் காலுக்கும் சேர்த்து இழுத்துவிட்டாள். பிறகு என்னை வாசலுக்குக் கூட்டிப் போய், "நீ இன்னைக்கு ஸ்கூலுக்குப் போக வேணாம். அக்காகூடவே இரு. தண்ணி புடிக்கப் பீலிக்குப் போனாலும் கூடப் போ, கக்கூசுக்குப் போனாலும் கூடப் போ. அவ கதவச் சாத்தினா என்னையக் கத்திக் கூப்பிடு. நான் இந்த மலையிலதான் இருப்பேன்" என்றாள்.

பள்ளிக்கூடத்துக்கு லீவு, அதுவும் அம்மா வாயாலேயே! எனக்குத் தலைகால் புரியவில்லை. சொன்னதைச் சரியாகச் செய்தேன். அக்கா பீலிக்குப் போனால் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். கக்கூசு வாசலில் நின்று பாட்டுப் பாடினேன். "சனியனே, ஏன்டி இப்படி ஒட்டிக்கிட்டுத் திரியுற?" என்று அக்கா பல்லைக் கடித்தாள். அன்றைக்கு எங்கள் லயத்துக்கு நேர் மேலே உள்ள மலையில்தான் கொழுந்து. வாசலில் நின்று பார்த்தால் அம்மா தெரிந்தாள். நான் பார்த்த நேரமெல்லாம் அவளும் நிமிர்ந்து எங்கள் காம்பராவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கங்காணி சத்தம் போடுவதுகூடக் கீழே வரைக்கும் கேட்டது.

எனக்கு இருந்த ஒரே கவலை பறக்குற அக்காதான். அவள் பிழைப்பாளா என்று நாள் முழுக்க அக்காவை அரித்தேன். "விழுந்தா விழுந்ததுதான்" என்றே ஒவ்வொரு தடவையும் சொன்னாள்.

மத்தியானத்துக்குப் பிறகு காற்று பிடித்தது. எங்கள் பக்கத்து மழைக்காலக் காற்றைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். கூரைத் தகரம் பறக்காமல் இருக்கக் கல்லும் பழைய டயரும் ஏற்றி வைத்திருப்போம், அதையும் உருட்டப் பார்க்கும். தொடர் வருகிற நேரத்துக்கு டிவியைப் போட்டால் படம் சதுரம் சதுரமாக உடைந்து நின்றது. பிறகு சிக்னல் இல்லை என்று எழுத்து வந்தது. கூரை மேலிருந்த டிஷ்ஷைக் காற்று திருப்பிவிட்டிருந்தது.

"முடிவு தெரிஞ்சதுதானே" என்று அக்கா டிவியை அணைக்கப் போனாள். நான் தரையில் புரண்டு அழத் தொடங்கினேன். அந்த நேரத்தில் அம்மா உள்ளே வந்தாள். கொழுந்து நிறுக்கவில்லை, பையை மலையிலேயே போட்டுவிட்டு வந்திருந்தாள். காய்ச்சலோடுகூட வேலைக்குப் போய் முழு நாள் கூலிக்கு முழுப்பேர் போட்டுக்கொண்டு வருகிறவள், அன்றைக்கு அரைப்பேருக்குத் துணிந்து இறங்கி வந்துவிட்டாள். மழைக்கு இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணியிலிருந்து தண்ணீர் வடிந்தது.

"என்னாச்சு?"

"டிஷ் திரும்பிருச்சும்மா! பறக்குற அக்காவப் பாக்க முடியாது!"

அம்மா அக்காவைப் பார்த்தாள். "அணைக்காத. அந்தப் புள்ளைக்கு என்னா ஆச்சுன்னு பாக்கணும்" என்று சொல்லிவிட்டு வெளியே போய் ஏணியைச் சாத்தினாள்.

லயத்தில் டிஷ் திருப்புவது மூன்று ஆள் வேலை. ஒருத்தர் கூரையில் நின்று திருப்புவார், ஒருத்தர் டிவி முன்னால் நின்று வருகிறதா என்று பார்ப்பார், நடுவில் வாசலில் ஒருத்தர் நின்று உள்ளே நடப்பதை மேலே கத்திச் சொல்வார். வழக்கமாக ஏறுவது பக்கத்துக் காம்பரா மாமாதான். அம்மா அவரைக் கூப்பிடக்கூட இல்லை. மழையில் தகரம் வழவழவென்று இருந்தது. தவழ்ந்தபடியே ஏறி, கம்பியைப் பிடித்து எழுந்து நின்றாள். டிஷ்ஷை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துத் திருப்பினாள். காற்று அவளையும் சேர்த்துத் திருப்பியது. மலைக்கு அந்தப் பக்கம் மின்னியது.

"தங்கச்சி, என்னா கிறுக்கு இது? மின்னுதுல்ல, எறங்கு!" என்று மாமா முற்றத்தில் நின்று கத்தினார். அம்மா திரும்பியே பார்க்கவில்லை.

வாசலில் நின்ற நான் டிவியை மறந்துபோனேன். பறக்குற அக்காவை எத்தனையோ தடவை வாயைப் பிளந்துகொண்டு பார்த்திருக்கிறேன். ஆனால் அவளுக்குக் காற்று சொன்னபடி கேட்கும். அம்மாவுக்கு அது அடங்கவே இல்லை, அவளைத் தள்ளி விழுத்தத்தான் பார்த்தது. அந்தக் காற்றை எதிர்த்து, படங்கு படபடக்க, என் அம்மா அவ்வளவு உயரத்தில் நின்றுகொண்டிருந்தாள். எனக்குப் பயமே வரவில்லை. இப்படி ஒருத்தி எங்கள் வீட்டில்தான் ரொட்டி சுடுகிறாள் என்பதை என்னால் நம்ப முடியவில்லை.

"வருதா?" என்றாள் அம்மா.

எட்டிப் பார்த்தேன். "வரலம்மா!"

"இப்ப?"

"இல்லம்மா! இன்னும் சிக்னல் இல்லன்னுதான் இருக்கு!"

தகரத்தில் அம்மாவின் கால் சறுக்கியது. முழங்கால் அடிபட்டு ஒரு சத்தம் கேட்டது. மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். அம்மா கம்பியைப் பிடித்துத் திரும்பவும் எழுந்தாள். இந்தத் தடவை என்னைக் கேட்கவில்லை. அக்காவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். மழைச் சத்தத்தையும் மீறி அந்தக் குரல் லயம் முழுக்கக் கேட்டிருக்கும்.

"புள்ள எழும்பிட்டாளா? சொல்லு! எழும்பிட்டாளா?"

உள்ளே அக்கா திரையைப் பார்த்தபடி நின்றாள். திரையில் அந்த எழுத்தைத் தவிர ஒன்றும் இல்லை. அவள் மெதுவாக வெளியே வந்தாள். மழையில் இறங்கி நின்று, தலையைத் தூக்கிக் கூரை மேல் அம்மாவைப் பார்த்தாள். அவள் முகமெல்லாம் கோணிக்கொண்டு வந்தது.

"எழும்பிட்டாம்மா" என்றாள். "எழும்பிட்டா. நீ எறங்கி வாம்மா."

"பொய்! படமே வரல!" என்று நான் குதித்தேன். ஒருவரும் என்னைக் கவனிக்கவில்லை. அக்கா ஓடிப்போய் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். அம்மா இறங்கி வந்ததும் இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு முற்றத்துச் சேற்றில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு டிவி நாடகத்துக்கா இப்படி அழுவார்கள் என்று மாமா என்னைப் பார்த்தார். எனக்கே வெட்கமாக இருந்தது. அம்மா என்னை மாமா வீட்டில் சாப்பிடச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா விம்மி விம்மிப் பேசுவதும் அம்மா இடையிடையே ஒரு சொல் கேட்பதும் மட்டும் தெரிந்தது. கதையின் முடிவை எனக்கு மட்டும் மறைக்கிறார்கள் என்று சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் அம்மா கோவிலுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு, அக்காவின் கையைப் பிடித்து லிந்துலை பஸ்ஸில் ஏறினாள். டிஷ் சரிபார்க்கிற ஆளைக் கூட்டி வரப் போகிறார்கள் என்று நான் ரோட்டு வளைவில் காத்திருந்தேன். அவர்கள் போனது அக்காவின் பள்ளிக்கூடத்துக்கு, அதிபரைப் பார்க்க. அவளோடு படித்த ஒருத்தன் அவளுடைய படமொன்றை எடுத்து வகுப்பு முழுக்கப் போனில் அனுப்பியிருந்தான். தனக்குக் கல்யாணம் பேசி முடித்த பிறகுதான் அக்கா இதை என்னிடம் சொன்னாள். கூரையில் ஏறியபோது அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. நான் போய் ஒப்பித்த அக்காவின் அந்தச் 'சரிதான்' மட்டும்தான் தெரியும்.

பறக்குற அக்காவுக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமலே நான் வளர்ந்தேன். அந்தக் கோபத்தில் அக்காவோடு எத்தனையோ நாள் சண்டை பிடித்திருக்கிறேன். திரையில் ஒன்றுமே இல்லாதபோது எழும்பிவிட்டாள் என்று அம்மாவை ஏமாற்றியவள் என்று அவளைச் சொல்லிக்காட்டுவேன். அக்கா சிரிப்பாள். அன்றைக்கு அம்மா கேட்டது எந்தப் புள்ளையை என்பதும், அக்கா அவளிடம் பொய் சொல்லவில்லை என்பதும் எனக்கு அப்போது தெரியாது.