அக்கா படத்து விளக்கு

காளவாசலில் வேலை பார்த்த கடையை விட்டுவிட்டு, தோளில் பையோடு பைபாஸில் நடந்துகொண்டிருந்தேன். ஓரமாக நின்ற பழைய வேன் ஒன்றிலிருந்து வயர் கருகும் வாடை வந்தது. கால் நின்றுவிட்டது.

நான் படிக்கிற காலத்தில் எழுமலையில் அப்பா ஓட்டிய வேனிலும் இதே வாடைதான். பியூஸ் போடப் போடப் போய்க்கொண்டே இருந்தது. எலக்ட்ரீசியன் பாண்டி வந்து, பியூஸ் இருந்த இடத்தில் ஒரு பல்பை மாட்டினார். ஷார்ட் உள்ள வயரைக் கழற்றினால்தான் அது அணையும்.

"வண்டிக்கு நம்மளவிட வயசு கூடண்ணே. நரம்புத் தளர்ச்சி வராம என்ன செய்யும்?" என்று சிரித்தபடி ஒவ்வொரு வயராகக் கழற்றினார். ஹாரன், வைப்பர், ஹெட்லைட், எதற்கும் அணையவில்லை. கடைசியில், வேனுக்குள் மாட்டியிருந்த, காய்ச்சலில் செத்துப்போன அக்காவின் படத்துக்கு மேலே எரியும் சிவப்பு விளக்கின் வயரைக் கழற்றினார். பல்பு அணைந்தது.

"இதாண்ணே. சாயந்தரம் புது வயரு கொண்டு வாரேன். அதுவரைக்கும் மாட்டாதீக."

அப்பா தலையாட்டினார். மத்தியானம் ஒரு கல்யாண சவாரி இருந்தது. கிளம்பும்போது படத்தைத் தொட்டுக் கும்பிட்டவர், "பிள்ளைய விளக்கில்லாமயா கூட்டிட்டுப் போறது?" என்றார். வயரைத் திரும்ப மாட்டினார். பியூஸுக்குப் பதிலாக சிகரெட் பாக்கெட்டின் வெள்ளித்தாளைச் சுருட்டி வைத்தார். அது பியூஸ் மாதிரி சட்டென்று அறுந்து காப்பாற்றாது.

டி. கல்லுப்பட்டிக்கு முன்னால் வேன் எரிந்தது. ஆட்கள் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். அப்பா மட்டும் படத்தை எடுக்க உள்ளே கைவிட்டார். இரண்டு கையும் வெந்துபோயின.

மறுநாள் காலையில் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. செங்கல் சூளையில் கல் சுமக்கச் சேர்ந்தேன்.