நாலு சித்திரை வீதி

ஆம்புலன்ஸ் கேட்டு வரும் போனை எடுப்பது என் வேலை. ஸ்ரீரங்கத்திலிருந்து யாராவது "சித்திரை வீதி, சீக்கிரம் வாங்க" என்றால் பகீரென்றிருக்கும். கோயிலைச் சுற்றி நாலு பக்கமும் சித்திரை வீதிதான். எந்தப் பக்கம் என்று கேட்டால் திட்டு விழும்.

இன்று திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் பஸ் ஏறினேன். பக்கத்து சீட் அக்கா போனில் பார்சல்காரரிடம், "கிழக்குச் சித்திரை வீதி. கிழக்கு! வாசல்ல ஆள் நிக்கும்" என்று அழுத்திச் சொன்னார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார்.

"போன மாசம் வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலிங்க. ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணா, எடுத்த பொண்ணு கிழக்கா மேற்கான்னு கேக்குது. உசுரு போற நேரத்துல என்ன கேள்வின்னு கத்திட்டேன். அது கோவிக்கவே இல்ல. திரும்பவும் கேட்டுச்சு. வாசல்ல ஒருத்தரை நிக்க வைங்கன்னுச்சு. வண்டி நேரா வந்துருச்சு."

"இப்ப எப்படி இருக்காருங்க?" என்றேன்.

"முன் சீட்டுல கடலை கொறிக்கிறாரு பாருங்க."

வண்டி போய்ச் சேர்ந்ததும் எங்கள் வேலை முடிந்துவிடும். ஆள் பிழைத்தாரா என்று யாரும் எங்களுக்குச் சொல்வதில்லை. அந்தப் பெண் நானா, பக்கத்து மேஜைத் தோழியா, தெரியாது. இருந்தாலும் அந்த வழுக்கைத் தலையை ஆசை தீரப் பார்த்தேன். அவருக்குக் கடலை விற்றவருக்குக்கூட நன்றி சொல்லத் தோன்றியது.

"நீங்க எங்கம்மா போறீங்க?" என்றார் அக்கா.

"சித்திரை வீதிங்க."

"எந்தச் சித்திரை வீதி?"

"மேற்குங்க" என்றேன். நான் திட்டவில்லை.

இதுவரை எங்களைத் திட்டியவர்கள் கமெண்டில் கை தூக்கலாம்.