டங்கன் பாடினார், நான் பாதியை விழுங்கினேன்

போன ஞாயிற்றுக்கிழமை ஜவ்வாது மலையில் ஒரு தப்பு செய்தேன். வேண்டுமென்றேதான் செய்தேன்.

ஸ்காட்லாந்திலிருந்து டங்கன் என்றொரு கவிஞர் வந்திருந்தார். பாட்டுக்காரரும்கூட. திருப்பத்தூர் நண்பர், பேராசிரியர் ஆரோக்கியசாமி, ஜமுனாமரத்தூர் மண்டபம் ஒன்றில் கூட்டம் ஏற்பாடு செய்திருந்தார். டங்கன் இங்கிலீஷில் பேசுவதை நான் தமிழில் சொல்ல வேண்டும். உங்களை விட்டால் யார் இருக்கிறார்கள் என்று ஆரோக்கியசாமி கேட்டார். உச்சி குளிர்ந்து ஒப்புக்கொண்டேன்.

வேன் மலையேறும்போதே எரிச்சல் ஆரம்பித்துவிட்டது. டங்கனுக்கும் என் வயசுதான். பல வருஷம் பஸ் ஓட்டியவர். கடைசி ஸ்டாப்பில் வண்டி நிற்கும் சில நிமிஷங்களில் கவிதை எழுதுவாராம். அவரே மெட்டுப் போட்டு, பிடில் வாசித்துப் பாடுவாராம். இன்றைக்கு அவர் ஊர்க் கல்யாணங்களில் அவர் பாட்டைத்தான் பாடுகிறார்களாம்... எழுதியது யாரென்றுகூடத் தெரியாமல்.

நான் ஆறு கவிதைத் தொகுப்பு போட்டிருக்கிறேன். எந்தக் கல்யாணத்தில் யார் பாடினார்கள்?

மண்டபம் நிறைந்திருந்தது. டங்கன் முதலில் ஒரு பாட்டு பாடினார். ஒரு வார்த்தை புரியாமலேயே முன்வரிசைப் பெண்கள் தொடையில் தாளம் போட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது. பிறகு அவர் தன் கதையைச் சொன்னார்.

சின்ன வயசில், வகுப்பில், வீட்டை ‘ஹூஸ்’ என்று சொல்லிவிட்டாராம். அவர்கள் ஊர்ப் பேச்சு அப்படித்தான். ‘ஹவுஸ்’ என்று சொல்லத் தெரியாதா என்று டீச்சர் வெளியே நிறுத்திவிட்டார். அதோடு அந்தப் பேச்சையே விட்டுவிட்டார் டங்கன். அம்மா செத்த பிறகு அவளுக்காக ஒரு பாட்டு எழுத உட்கார்ந்தார். படித்த இங்கிலீஷில் ஒரு வரி வரவில்லை. அம்மாவின் பேச்சில் எழுதினார். முதல் வரியிலேயே ‘ஹூஸ்’ வந்தது. அதுதான் அவருடைய முதல் பாட்டு.

எனக்குச் சுருக்கென்றது. நான் படவேடு கிராமத்துக்காரன். ஆறாம் வகுப்புக் கட்டுரையில் வீட்டை ‘வூடு’ என்று எழுதியிருந்தேன். தமிழய்யா அதைச் சத்தமாகப் படித்தார். வகுப்பே சிரித்தது. அன்றைக்குத் துடைத்தெறிந்தேன் அந்தச் சொல்லை. என் ஆறு தொகுப்பிலும் இல்லம் இருக்கிறது, மனை இருக்கிறது. வூடு கிடையாது.

நான் தூக்கிப் போட்டதை எடுத்துவைத்து இந்த ஆள் ஒரு வாழ்க்கையே கட்டிவிட்டாரே?

மைக்கில் சொன்னேன்: “கவிஞருக்குச் சிறுவயதிலிருந்தே மொழிப்பற்று அதிகம்.”

அவ்வளவுதான். ஐந்து நிமிஷப் பேச்சு ஒரே வரியில் முடிந்தது. டங்கன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கூட்டத்தைப் பார்த்தார். அங்கே ஒரு சலனமும் இல்லை. அவர் முகம் வாடிவிட்டது.

டீ இடைவேளையில் என் மனைவி கோமதி பக்கத்தில் வந்தாள். இங்கிலீஷ் டீச்சர். அவள் முன்வரிசையில் இருந்ததை மறந்து தொலைத்திருந்தேன். நேரமாகிவிட்டது, அதனால் சுருக்கினேன் என்று நானாகவே ஆரம்பித்தேன்.

“பொறாமையா இருந்தா இருக்கட்டும்ங்க,” என்றாள். “அவரோட அம்மாவ ஏன் முழுங்கினீங்க?”

டீ டம்ளரைப் பாதியில் வைத்தேன்.

மறுபடி மைக்கைப் பிடித்தேன். ஒன்றை வேண்டுமென்றே விட்டுவிட்டேன் என்று ஒப்புக்கொண்டேன். டங்கன் கதையை முழுசாகச் சொன்னேன். என் வூடு கதையையும் சொன்னேன். எங்கே சிரித்துவிடுவார்களோ என்று பயமாக இருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் ஒரு அம்மா, “வூட்ட வூடுன்னு சொல்லாம வேற இன்னான்னு சொல்றதுங்க?” என்று கேட்டார். உண்மையாகவே தெரியாமல் கேட்டார்.

அதை டங்கனுக்குச் சொன்னேன். அவர் எழுந்துபோய் அந்த அம்மாவைக் கும்பிட்டார். பிறகு என்னிடம், அந்தப் பேச்சில் நீ என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். அவர் பிடிலை எடுத்து அம்மா பாட்டைப் பாடினார். ‘ஹூஸ்’ வரும் இடத்தில் மண்டபமே சேர்ந்து பாடியது. நானும்தான்.

திங்கட்கிழமை உட்கார்ந்து எங்கள் பேச்சில் நான்கு வரி எழுதினேன். கோமதியிடம் நீட்டினேன். நல்லாத்தான் கீது என்றாள். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு என் கவிதையைப் பற்றி அவள் சொன்ன முதல் நல்ல வார்த்தை. பொறாமை போய்விட்டது என்றே நினைத்தேன்.

அப்போது அவள் போன் அடித்தது. ரிங்டோனில் டங்கன் பாடினார்.