நாலாவது துளை

பொறியாளர்களும் நிலவியலாளர்களும் கூடும் மாநாட்டில் இந்த முறை எனக்குக் கொடுத்த வேலை சிறியது. முதன்மை உரையாற்ற வரும் மூவரின் ஸ்லைடுகளையும் முந்தைய நாள் மாலையே அரங்கக் கணினியில் ஏற்றி, எழுத்து உடைகிறதா, படம் நகர்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். இப்படிப்பட்ட வேலைகள் என்னிடம்தான் வரும். முதலாமவருடைய நாற்பத்திரண்டும் சரியாக இருந்தன. இரண்டாமவருடைய இருபத்தேழாவதில் கை நின்றுவிட்டது. அதில் என் கையெழுத்து இருந்தது.

பதினோரு ஆண்டுகளுக்கு முன் செல்லூரில் ஒரு நான்கு மாடிக் குடியிருப்புக்காக நான் கொடுத்த மண் பரிசோதனை அறிக்கையின் பக்கம் அது. மனையின் நான்கு மூலைகளிலும் துளையிட்டு, எந்த ஆழத்தில் எந்த மண், எவ்வளவு கெட்டி என்று எழுதிய பட்டியல். மேலே, நல்ல தரவு இருந்தால் மறுபடி துளையிட வேண்டாம் என்று தலைப்பு. கீழே, அந்த மனையை ஒட்டி எழும்பவிருக்கும் பள்ளி மாணவியர் விடுதியின் வரைபடம். விடுதியின் அடித்தளத்தை அந்த இரண்டாமவர் என் அறிக்கையை நம்பி, அதிலும் எல்லையோரமாக இருந்த நாலாவது துளையை நம்பி வடிவமைத்திருந்தார்.

நாலாவது துளையை நாங்கள் போடவே இல்லை.

அன்று அந்த மூலைக்குப் போகும் சந்தில் தறிக்கூடத்துக்காரர் பாவு சுற்றிய உருளைகளை அடுக்கி வைத்திருந்தார். துளையிடும் ரிக் உள்ளே நுழையவில்லை. உருளைகளை எடுக்க இரண்டு நாளாகும் என்றார். ரிக் ஓட்டியவர் என்னிடம், "அக்கா, மூணு போர்லயும் ஒரே மண்ணு. நாலாவதுல மட்டும் என்ன, புதையலா இருக்கப் போகுது?" என்றார். மற்ற மூன்றின் எண்களைப் பார்த்து, சற்றுக் கூட்டி, சற்றுக் குறைத்து, நாலாவதை நிரப்பினேன். அன்றைய நாட்குறிப்பில் "மூன்று துளைகள். நாலாவது முடியவில்லை" என்றிருக்கிறது. அறிக்கையில் நான்கு. செல்லூரில் பாதி, கண்மாயைத் தூர்த்த இடம் என்பது மதுரையில் மண் தோண்டும் யாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

மறுநாள் காலை எட்டே முக்காலுக்கு, அழகர்கோவில் சாலையிலிருந்த அரங்கத்தின் பக்கத்து அறையில் அந்த இரண்டாமவர் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எழுபது வயது இருக்கும். சென்னைவாசி, சொந்த ஊர் மேலூர்.

"ஏம்மா, என் ஸ்லைடெல்லாம் ஓடுதா?"

"ஓடுது சார். இருபத்தேழை மட்டும் போடாதீங்க."

"அதுதானம்மா என் பேச்சே. யாரோ அம்புட்டு அழகா எழுதியிருக்காங்க."

"நான்தான் எழுதுனேன். நாலாவது போரைப் போடாமலே எழுதுனேன்."

கரண்டியைக் கீழே வைத்தார். திட்டப்போகிறார் என்று நின்றேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"விடுதிக்கு இன்னைக்குத்தான் அஸ்திவாரம். ஒம்பது மணிக்கு ஸ்கூல் ஃபாதர் ஜெபம் வச்சிருக்கார். ஜெபம் முடிஞ்சதும் கான்கிரீட்."

விடுதி இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இரவெல்லாம் பயந்தது என் பெயருக்காக. "இப்பவே நிறுத்தச் சொல்லுங்க சார்," என்றேன்.

அவர் தளப் பொறியாளரை மூன்று முறை அழைத்தார். யாரும் எடுக்கவில்லை. அதற்குள் மாநாட்டுச் செயலாளர் சால்வைகளோடு உள்ளே வந்தார். கல்லூரியில் எனக்கு இரண்டு வருடம் இளையவர்.

"சார், மேடைக்குப் போலாமா? அக்கா, சால்வை நீங்கதான் போத்துறீங்க."

"நான் வெளிய போறேன்ப்பா. எனக்குப் பதிலா மூணாவது ஆளை ஏத்திரு."

"அவரு இன்னும் ஏரோப்ளேன்லதான் சார் இருக்காரு."

"அப்ப முதல் ஆளையே பேசவிடு. நேத்துச் சாப்பாட்டு மேசையில பேசுனதப் பாத்தா மத்தியானம் வரைக்கும் தாங்குவாரு."

"அக்கா, நீங்களாவது..."

"நானும் போறேன் தம்பி."

தல்லாகுளத்தில் ஒரு சிக்னல், கோரிப்பாளையத்தில் ஒன்று. காரில் அவர் கேட்டது ஒரே கேள்விதான்.

"ஏம்மா அப்படிச் செஞ்ச?"

"ரெண்டு நாள் மிச்சமாகும்னு சார்."

செல்லூருக்குள் திரும்பியபோது எங்களுக்கு முன்னால் ஒரு கான்கிரீட் லாரி போய்க்கொண்டிருந்தது. முந்த இடமில்லை. அதன் பெரிய உருளை சுழல்வதைப் பார்த்தபடியே கடைசி அரை கிலோமீட்டரும் போனோம். அது விடுதி மனைக்குத்தான் போனது.

ஜெபம் முடிந்திருந்தது. எல்லையோரக் குழியருகே ஃபாதரும் ஆட்களும் நின்றார்கள். தளப் பொறியாளர் ஓடி வந்தார்.

"சார், மாநாட்டுல பேசலையா?"

"ஒரு கம்பி குடு. சுத்தியல் குடு. லாரியை அங்கயே நிப்பாட்டு."

குழியின் அடியில் செஞ்சரளை கெட்டியாகத்தான் தெரிந்தது. கொத்தனார் கம்பியை நட்டு அடித்தார். நாலாவது முறை அடித்தபோது சத்தம் மாறியது. அவர் சுத்தியலை வைத்துவிட்டு, கையாலேயே அழுத்தினார். கம்பி இறங்கிக்கொண்டே போனது. வெளியே இழுத்தபோது கறுப்புச் சேறும், அதில் ஒட்டிய நத்தை ஓடும் வந்தன.

"இன்னைக்கு வேண்டாம் ஃபாதர்," என்றார் பெரியவர். லாரி பின்னால் நகர்ந்தது. எனக்கு மூச்சு வந்தது.

ஆனால் அவர் குழியைப் பார்க்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் நின்ற நான்கு மாடிக் குடியிருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது மாடியில் ஒருவர் வேட்டியை உதறிக் காயப்போட்டார்.

"எத்தனை குடும்பம்?"

"பதினாறு சார்."

"வா, போய்ப் பாப்போம்."

தரைத்தளத்தில் அந்த மூலை வீட்டின் மணியை நான்தான் அழுத்தினேன். உள்ளே தாழ்ப்பாள் விலகிய பிறகும் கதவு திறக்கவில்லை. அந்த அம்மா தோளைக் கொடுத்துத் தள்ளினார். கதவின் அடி தரையில் உரசிக்கொண்டு வந்தது.

"ரெண்டு வருசமா இப்படித்தான் இழுக்குது. ஆசாரி ரெண்டு தடவை இழைச்சிட்டாரு. நீங்க யாரு, என்ன வேணும்?"

நிலையின் மேல்மூலையிலிருந்து கூரை வரை சாய்வாக ஒரு விரிசல் ஓடியிருந்தது. இழைக்க வேண்டியது கதவில் எதுவும் இல்லை. இந்த மூலை இறங்கிக்கொண்டிருக்கிறது.

என் பெயரைச் சொன்னேன். இந்தக் கட்டடத்துக்கு மண் பார்த்தவள் நான் என்றும் சொன்னேன்.