கதை பீரியடில் வந்த சிறுத்தை

பிள்ளைகளுக்குக் கதை சொல்லவும் எழுதவும் கற்றுத்தருகிற வேலையில் முதலில் போவது தொண்டை, அடுத்தது பொறுமை. பெரம்பலூர், அரியலூர் பக்கம் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் வாரம் ஒரு பீரியட் எடுப்பவள் நான். ஒரு அறக்கட்டளை என்னை அனுப்பிவைக்கிறது. பஸ்ஸை விட்டு இறங்கும்போதே "கதை டீச்சர் டோய்" என்று ஒரு குரல் கேட்கும். எனக்கு அப்போதே கொட்டாவி வரும். இதே பாடு படுகிற பாட்டு டீச்சர்களே, ஓவிய வாத்தியார்களே, யோகா சார்களே, நம் கஷ்டம் நமக்குத்தான் தெரியும். கேளுங்கள்.

சத்தம் போடாத யானை

பெரம்பலூரில் ஒரு பள்ளியில் எனக்கு ஒதுக்கிய இடம் சைன்ஸ் லேப். பக்கத்து அறையில் பத்தாம் வகுப்புக்கு டெஸ்ட். அது தெரியாமல் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம், "ஒரு யானை பள்ளத்துல விழுந்துடுச்சு, எப்படித் தூக்கலாம்?" என்று கேட்டுவிட்டேன். ஆளுக்கொரு யோசனையைக் கத்தினார்கள். ஒருத்தன் யானையாகவே மாறி, டேபிளுக்கு அடியில் விழுந்து பிளிறினான்.

ஹெட்மாஸ்டர் வந்து வாசலில் நின்றார். குரலை உயர்த்தியே அறியாத மனிதர். ஒழுகுகிற குழாயைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். "கதை நடக்கட்டும் மேடம். யானை மட்டும் வாயத் தொறக்காம விழட்டும்."

கனவுக்குத் தடை

வேப்பந்தட்டைப் பக்கம் ஒரு ஏழாம் வகுப்பு. எந்தக் கதையைப் பிரித்தாலும் கடைசி வரி ஒன்றுதான்: 'திடீரென்று விழித்துப் பார்த்தேன், எல்லாம் கனவு.' பேய் துரத்தினாலும் கனவு, கலெக்டர் ஆனாலும் கனவு. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, இனிமேல் கதையில் யாரும் தூங்கி விழிக்கக் கூடாது என்று சட்டம் போட்டேன்.

அடுத்த வாரம் ஒரு கதை விடாமல் எல்லோரும் செத்துப்போயிருந்தார்கள். ராஜாவை லாரி அடித்தது. முயலுக்குக் கரண்ட் பாய்ந்தது. ஒரு தேவதை போர்வெல் குழியில் விழுந்தாள். "எதுக்குப்பா இத்தன சாவு?" என்று தலையில் கைவைத்தேன். முதல் பெஞ்சு சஞ்சய் எழுந்து, விவரம் தெரியாதவளுக்கு விளக்குவதுபோலச் சொன்னான்: "நீங்கதான டீச்சர் யாரும் முழிக்க வேணாம்னீங்க?"

அப்பா எழுதிய கதை

சின்னதாக ஒரு கதைப்போட்டி வைத்தோம். ரெட்டிபாளையத்தில் நாலாம் வகுப்பு படிக்கிற ஹரிணி ஒரு கதை கொடுத்தாள். ரிட்டயர் ஆகப்போகிற ஒருவர், முழங்கால் வலியோடு சிமெண்டு ஃபேக்டரியிலிருந்து வீடு திரும்புகிறார். சட்டைத் தூசியைத் தட்டிக்கொண்டே பி.எஃப். பணம் மகளின் கல்யாணத்துக்குப் போதுமா என்று கலங்குகிறார். "பி.எஃப்.னா என்னடா கண்ணு?" என்று ஹரிணியிடம் கேட்டேன். "தெரியாது டீச்சர், அப்பாதான் போடச் சொன்னாங்க" என்றாள். பரிசு இன்னொரு பிள்ளைக்குப் போனது.

அடுத்த முறை போனபோது அவள் அப்பா வராண்டாவில் காத்திருந்தார். ஷிப்டு முடிந்து நேரே வந்தவர், யூனிஃபார்ம்கூட மாற்றவில்லை. சண்டைதான் என்று நினைத்தேன். எனக்கோ எதிர்த்துப் பேசத் தெம்பில்லை. பிள்ளைகள் எழுதுவதைத்தான் எடுத்துக்கொள்வோம் என்று மட்டும் சொன்னேன். "அது நாயந்தாங்க" என்று தலையாட்டினார். ஆனால் போகவில்லை. பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார். "பரிசெல்லாம் வேணாங்க. கதை நல்லா இருந்துச்சா, இல்லையா, அத மட்டும் சொல்லிட்டுப் போங்க."

சிறுத்தை

ஜெயங்கொண்டம் தாண்டி, முந்திரிக் காட்டை ஒட்டின ஒரு ஊர். "கேக்கறவங்க கண்ணு முன்னால வந்து நிக்கற மாதிரி ஒரு மிருகத்தச் சொல்லுங்க" என்றேன். கவிப்பிரியா என்கிற ஏழாம் வகுப்புப் பெண் சிறுத்தையைச் சொன்னாள். தாழ்ந்த முந்திரிக் கிளையில் வயிறு படியப் படுத்திருக்கிறதாம். வால் மட்டும் தொங்குகிறதாம். கீழே அழுகிக் கிடக்கிற பழத்தை மொய்த்த ஈ ஒன்று மூக்கில் வந்து உட்கார, முகத்தைச் சுளிக்கிறதாம். கடைசி பெஞ்சுப் பையன்கள் முன்னால் வந்து தரையில் உட்கார்ந்து கேட்டார்கள். நம் தொழிலில் அப்படி ஒரு நாள் அபூர்வம். அன்றைக்கு ஊர் வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்ததே எனக்கு உறைக்கவில்லை.

அவள் வீட்டுக்குப் போய் அதையே தம்பியிடம் சொல்லியிருக்கிறாள். தம்பி தெருவில் சொல்லிவிட்டான். ஆனால் அது கதை என்பதைச் சொல்ல மறந்துவிட்டான். மறுநாள் முந்திரிக்கொட்டை பொறுக்க ஒருத்தரும் போகவில்லை. ஃபாரஸ்ட் ஆட்கள் வந்து தேடினார்கள்; நாய்த் தடம்தான் இருந்தது. விசாரணை கடைசியில் கவிப்பிரியாவிடம் வந்து நின்றது.

அடுத்த வாரம் நான் போனபோது, ஹெட்மிஸ்ட்ரஸ் அறையில் அவள் அம்மா செல்வி உட்கார்ந்திருந்தார். கூலி போன ஆத்திரத்தில் ஊர்ப் பெண்கள் அவர் வீட்டு வாசலில் வந்து கத்தியிருக்கிறார்கள். அவர் மகளை விளக்குமாற்றால் அடித்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். "எம் பொண்ணு பொய்யே சொன்னதில்ல டீச்சர். நீங்க வந்துதான் கத்துக்குடுத்தீங்க."

பல் தேய்த்தேன்

வகுப்பை நிறுத்தவில்லை. நடந்ததை மட்டும் எழுதச் சொல்லுங்கள் என்று ஹெட்மிஸ்ட்ரஸ் கேட்டுக்கொண்டார். கவிப்பிரியா கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள். வாரா வாரம் ஒன்றையேதான் எழுதினாள்: 'காலையில் எழுந்தேன். பல் தேய்த்தேன். பள்ளிக்கு வந்தேன்.' ஒரு பிழை இருக்காது. ஒரு பிள்ளையின் வாயை அடைப்பதற்கா இவ்வளவு தூரம் பஸ் ஏறி வருகிறோம் என்று தோன்றியது. அறக்கட்டளைக்கு ஃபோன் பண்ணி வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம் என்றுகூட முடிவு செய்துவிட்டேன்.

கடைசியாக ஒருமுறை பக்கத்தில் போய் உட்கார்ந்து, "வேற எதாச்சும் எழுதேன்டா" என்றேன். அவள் நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "வேணாம் டீச்சர். பல் தேச்சா யாரும் அடிக்க மாட்டாங்க."

மீதிக் கதை

அன்று பஸ்ஸுக்கு நின்றபோது ஒரு பெண்மணி பக்கத்தில் வந்தார். முந்திரிக்கொட்டைப் பால் பட்டுத் தோல் உரிந்த விரல்கள். பெயர் சரோஜா என்றார். செல்வி வாசலில் பெரிதாகக் கத்தியவர் அவர்தான் என்று அவரே சொன்னார். "ஒரு நாள் கூலி போச்சு, கத்துனோம், அதோட சரி. இப்ப காட்டுக்குப் போனா ஒவ்வொரு கெளையையும் அண்ணாந்து அண்ணாந்து பாக்குறோம். அந்தச் சிறுத்தை கீழ எறங்குச்சா, அங்கயே கெடக்கா? அந்தப் புள்ளயக் கேட்டா வாயத் தொறக்கல." எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "இத நீங்க செல்விகிட்ட போய்ச் சொல்லுங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டேன்.

போய்ச் சொல்லியிருக்கிறார். அடுத்த வாரம் நான் வகுப்புக்குள் நுழைந்தபோது, கவிப்பிரியா எழுந்து முன்னால் வந்து நின்றாள். நின்றவள் கதவுப் பக்கம் பார்த்தாள். வாசலில் செல்வி. வேலைக்குப் போகிற உடையில், சாப்பாட்டுத் தூக்கோடு, உள்ளே வரலாமா என்று தெரியாமல் நின்றார். "அது குட்டி போட வந்த சிறுத்தையாம் டீச்சர். வூட்டுல பாதிதான் சொன்னா, மீதிய இங்கதான் சொல்லுவேங்கறா. நானும் ஒரு ஓரமா உக்காந்துக்கவா?"

பொய் சொல்லாதே என்று ஊரே சொல்லி வளர்க்கிற பிள்ளைகளிடம் போய், சொல்வதைக் கொஞ்சம் நன்றாகச் சொல் என்று தொண்டை வற்றக் கெஞ்சுவதுதான் நம் பிழைப்பு என்றால், களைப்புத் தட்டாமல் என்ன செய்யும்?